அறிக்கையின் ஐந்தாம் பத்தி

மூன்று வருடம் பூட்டிக்கிடந்த வீட்டின் தரை ஈரமாக இருந்தது.

கதவைத் திறந்தால் புழுக்கமும் தூசியும் சேர்ந்து முகத்தில் அறையும் என்று அவள் கைக்குட்டையை மூக்கருகே தயாராக வைத்திருந்தாள். வந்தது சோப்பு வாசனை. யாரோ இப்போதுதான் குளித்து முடித்து, தலையைத் துவட்டியபடியே கூடத்தைக் கடந்து உள்ளே போனது போல மெல்லிய, குளிர்ந்த வாசனை. வாசல் வெளிச்சம் விழுந்த சிவப்புத் தரையில், குளியலறைப் பக்கமிருந்து வடக்கு அறைப் பக்கமாக ஈரத்திட்டுகள் விட்டு விட்டுத் தெரிந்தன. ஒன்று வட்டமாக, அடுத்தது இழுத்துவிட்ட கோடாக. மறுபடி வட்டம். மறுபடி கோடு.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். ஒருவரையொருவர் சந்தேகப்படுவதில் இருவருக்கும் நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் இதில் அதற்கும் வழியில்லை. கதவில் இரண்டு பூட்டுகள். பெரியது அண்ணன் போட்டது. சின்னது, அவள் வெளிநாட்டிலிருந்து சொல்லி வக்கீல் மூலமாகப் போட்டது. ஒருவர் சாவியால் மற்றவர் பூட்டைத் திறக்க முடியாது. பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. ஜன்னல்களுக்குக் கம்பி. மின்சாரமும் தண்ணீரும் எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டன.

"மேல ஒழுகியிருக்கும்," என்றான் அண்ணன்.

"மழை பெஞ்சே ரெண்டு மாசம் ஆகுதுங்களே," என்றார் சர்வேயர், டேப்பை உருவிக்கொண்டே. பருத்த, நல்ல மனிதர். எதையும் சிரித்துக்கொண்டு சொல்கிறவர்.

அண்ணன் தலை குனிந்து தரையைப் பார்த்தான். ஒரு காலை நீட்டி, தன் ஷூவால் ஈரக்கோடு ஒன்றைத் தேய்த்தான். பிறகு அடுத்ததை. யாரும் பார்க்காத மாதிரி செய்தான். ஆனால் அவள் பார்த்தாள்.

இருவருக்கும் பின்னால் நின்றவர் கமிஷனர். வீட்டை நேரில் பார்த்து, அளந்து, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதித் தரும்படி கோர்ட் அனுப்பிய பெண் வக்கீல். முப்பது வயதுக்குள் இருக்கும். சிரிப்பு என்பதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் மாதிரியான முகம்.

"நீங்க ரெண்டு பேரும் கூடத்துலயே இருங்க. கூப்பிட்டா மட்டும் வந்தா போதும்," என்றார் அவர்.

வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா எதுவும் எழுதிவைக்காமல் போனதால் அப்பா, அண்ணன், அவள் என்று மூன்று பங்கு. அப்பா தன் பங்கைத் தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக அண்ணன் ஒரு காகிதத்தைக் காட்டினான். அது அப்பா படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்தில்லை என்று அவள் வழக்குப் போட்டாள். பதினோரு வருடமாக அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். அங்கே ஒரு காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை. வழக்கை நடத்தியதெல்லாம் தொலைபேசியில்தான்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான் அண்ணன். நடமாடத் தொடங்கும்வரைதான் என்று சொன்னான். வீடு காலியாக இருந்த அந்த வாரத்திலேயே அவன் பூட்டுப் போட்டான். மறுவாரம் அவள் பூட்டுப் போட்டாள். கோர்ட், இப்போது இருக்கிற நிலை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது.

அப்பா நடமாடத் தொடங்கினார். வீட்டுக்குத்தான் போக முடியவில்லை. அண்ணன் திறந்தால் அவன் உள்ளே புகுந்துவிடுவான் என்று அவள் பயந்தாள். அவள் திறக்கச் சொன்னால் அதில் ஏதோ சூது என்று அண்ணன் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் இல்லத்திலிருந்து அப்பா பேசுவார்.

"பாப்பா, வீட்டுக்குப் போலாமா?"

"கேஸ் முடியட்டும்பா. இன்னும் ரெண்டு வாய்தாதான்."

நாற்பத்து நான்கு வயதிலும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் அப்பா இறந்துபோனார். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

கூடத்தின் ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. பகல் மூன்று மணி வெயில் பலகை இடுக்குகளில் கத்தி போல நுழைந்து சுவரில் கோடு கிழித்திருந்தது. உள்ளேயிருந்து டேப் சுருளும் உலோக ஓசையும், கமிஷனரின் செருப்புச் சத்தமும், சர்வேயர் அளவு சொல்லும் குரலும் வந்தன. சத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பது அவளுக்குத் தொழில். அதனால்தான் அந்த ஒரு வாக்கியம் அவள் காதில் விழுந்தது.

"ஐயா, காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க. டேப்பு மாட்டுது."

வடக்கு அறையிலிருந்து. சர்வேயரின் குரல்.

அண்ணனின் வக்கீல் உள்ளே இருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, அண்ணனின் வக்கீல் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது.

கமிஷனர் வடக்கு அறையில் வெகுநேரம் இருந்தார். தணிந்த குரலில் ஏதோ கேட்பார். அமைதி. மறுபடி கேட்பார். மறுபடி அமைதி. அந்த அமைதிகள் ஒரே அளவாக இல்லை. ஒன்று சிறியது, ஒன்று நீளம். எதிரில் யாரோ பதில் சொல்லும்போது நாம் காத்திருக்கும் அமைதி அது. போனில் பேசுகிறார், வேறென்ன என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வந்த கமிஷனர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்த வீட்டுல யாருமே குடியில்லைன்னுதானே ரெண்டு தரப்பும் எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"ஆமா மேடம்," என்றான் அண்ணன்.

"நீங்களும் அதேதான் சொல்றீங்களா?"

"ஆமா," என்றாள் அவள்.

"சரி."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பார்வை அவளோடேயே லாட்ஜ் வரை வந்தது. அருவருப்பான எதையோ மிதித்துவிட்டு, ஷூவைப் பார்க்கிற பார்வை.

*

அறிக்கையின் நகல் மூன்றாம் நாள் வந்தது. அவளுடைய வக்கீல் போனில் கூப்பிட்டார். வயதானவர், எதிலும் ஒரு கேலி கலந்து பேசுகிறவர். அன்று கேலி இல்லை.

"ஏம்மா, உங்க அண்ணன் வேலையைக் காட்டிட்டாரே. அஞ்சாம் பத்தியைப் படிக்கிறேன், கேளுங்க."

அவர் படித்தார்.

'வடக்கு அறையில் சுமார் எண்பது வயது மதிக்கத்தக்க முதியவர் ஒருவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். குளித்து, சுத்தமாக இருந்தார். இடது காதுமடலில் பழைய வெட்டுத் தழும்பு உண்டு. எவ்வளவு காலமாக இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றரை வருடமாக என்றார். பெயர் கேட்டதற்கு, வெளியே நிற்கும் இருவரையும் கேளுங்கள், சொல்வார்கள் என்றார். மேற்படி முதியவர் இருப்பதை இரு தரப்பாரும் என்னிடம் மறைத்தார்கள்.'

"யாரோ ஒரு கிழவரைப் பிடிச்சு உள்ள உட்கார வெச்சிருக்காரு. குடியிருக்கறவர்னு ஒருத்தர் முளைச்சா கேஸ் இன்னும் பத்து வருஷம் இழுக்கும். புரியுதா? ஆமா, கதவைத் திறந்தப்போ நீங்களும்தானே இருந்தீங்க? ஆள் உள்ள எப்படிப் போனான்?"

லாட்ஜ் அறையில் ஏசி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடது காது. அப்பா சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது கிழிந்த காது. அவள் படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் அந்தக் காதுதான் காரணம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

அன்று சாயங்காலமே அண்ணனைப் பார்க்கப் போனாள். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கடைசி மாணவியை இறக்கிவிட்டு, பக்கத்தில் உட்காரும்படி சைகை செய்தான். அது சொல்லிக்கொடுப்பவரின் இருக்கை. அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. வண்டியை அவன் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மைதானத்தின் ஓரமாக நிறுத்தினான்.

"நல்லா ஆள் பிடிச்சிருக்க," என்றான். "தழும்பு வரைக்கும் போட்டு. வெளிநாட்டுல இதுக்கெல்லாம் கோர்ஸ் இருக்கா?"

"நான் உன்னைக் கேட்கணும்னு வந்தேன்."

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டுமா? எனக்கென்ன லாபம்? இழுத்தா எனக்கும்தான் இழுக்கும்."

அது உண்மைதான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வண்டிக்குள் அடைத்துவைத்த வெயிலின் வாடை, சீட்டு உறையின் ரப்பர் வாடை. இருவரும் வெகுநேரம் முன்கண்ணாடி வழியாக எதிரேயிருந்த மதில்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகியிருக்கும்.

"அன்னிக்கி தரையில எதையோ அழிச்சியே. ஷூவால."

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

"நீ அவர் விழுந்ததுக்கப்புறம் அவரை நேர்ல பார்க்கல."

"இல்ல."

"இடது கால் தூக்க வராது. வலது காலை வெப்பார். அப்புறம் இடதை இழுப்பார்." ஸ்டியரிங்கில் விரலால் ஒரு கோடு இழுத்தான். "இல்லத்துல நான் போறப்பல்லாம் வாசல் வரைக்கும் அப்படியே இழுத்துக்கிட்டு வருவார். நான் வண்டியை எடுக்கிற வரைக்கும் நிப்பார். நான் கண்ணாடியில பார்க்கமாட்டேன்."

ஒரு வட்டம். ஒரு கோடு.

அவளுடைய கால் தானாகவே பிரேக்கை மிதித்திருந்தது. நின்றுகொண்டிருந்த வண்டியில்.

*

அறிக்கையை ஆட்சேபித்து வக்கீல் மனுக் கொடுத்தார். மறுபடி ஒருமுறை அண்ணன் தங்கை இருவர் முன்னிலையிலும் பார்த்து எழுத கமிஷனர் ஒப்புக்கொண்டார். அவள் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், மாலை ஐந்து மணி.

இந்த முறை தரை காய்ந்திருந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வாசலைத் தாண்டியதும் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பதுபோல மணிக்கட்டைச் சேர்த்து. கமிஷனர் முன்னால் போனார், சர்வேயர் பின்னால். கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும் அந்தக் குறுகிய நடையில், சோப்பு வாசனை மட்டும் ஒவ்வோர் அடிக்கும் கூடிக்கொண்டே வந்தது.

வடக்கு அறை. மேற்கே ஒரு ஜன்னல். அதன் ஒரு பலகை உடைந்திருந்ததால் மஞ்சள் வெளிச்சம் கட்டிலின்மேல் நேராக விழுந்தது. பாயில்லாத, மெத்தையில்லாத பலகைக் கட்டில். அதன்மேல் தூசி ஒரு விரற்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. ஒரு கோடில்லை. ஒரு தடமில்லை. யாரும் உட்கார்ந்த தூசியில்லை அது.

அவள் மூச்சை விட்டாள். அண்ணன் பிடி தளர்ந்தது.

"பார்த்தீங்களா மேடம்?" என்றான் அவன், கிட்டத்தட்டச் சிரித்தபடி. "யாருமில்ல."

கமிஷனர் திரும்பினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"சார், அவர் முன்னாடியே இப்படிப் பேசாதீங்க."

கமிஷனர் கட்டிலின் பக்கம் குனிந்தார். குரல் மாறியது. மரியாதையும் இரக்கமும் கலந்த குரல், ஆஸ்பத்திரியில் தாதிகள் பேசுகிற குரல்.

"ஐயா, சௌக்கியமா இருக்கீங்களா? இன்னிக்கி இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அமைதி. கமிஷனர் தலையாட்டினார்.

அவள் சர்வேயரைப் பார்த்தாள். இது ஏதோ கமிஷனரின் கோளாறு என்றால் அவர் முகத்தில் தெரியும். சர்வேயரும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைமாட்டில், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில். அவர் சிரிக்கவில்லை.

அவள் வேலை செய்யும் இடத்தில் சத்தம் புகாத ஒரு சிறிய அறை உண்டு. உள்ளே உட்காரும் நோயாளியின் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்வாள். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் அவர்கள் முகத்தில் ஒரு கலவரம் வரும். ஏதோ ஒலிக்கிறது, எல்லோருக்கும் கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை என்கிற கலவரம். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அதை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள்.

காதைத் தீட்டிக் கேட்டாள். தன் ரத்தம் ஓடும் ஓசை. அண்ணனின் மூச்சு. தெருவில் எங்கோ ஒரு ஹாரன்.

அவ்வளவுதான்.

"இவர் யாரு?" என்றார் கமிஷனர். "பேரு கேட்டா உங்களைத்தான் கேட்கச் சொல்றார். சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"யாரு மேடம்? எவரு?"

"விளையாடாதீங்க சார்."

"எனக்கு யாரையும் தெரியாது," என்றான் அண்ணன். உதடு வெளுத்திருந்தது. "இங்க யாருமில்ல. எழுதிக்குங்க. யாருமே இல்ல."

கமிஷனர் எழுதினார். காகிதத்தில் பேனா கீறும் ஓசை.

"ஐயா அழறாருங்க," என்றார் சர்வேயர் மெதுவாக.

அவள் கட்டிலையே பார்த்தாள். தூசி. வெளிச்சம். வெளிச்சத்தில் மிதக்கும் தூசி.

கமிஷனர் மறுபடி குனிந்து கேட்டார். நிமிர்ந்தபோது அவர் பார்வை அவளிடம் வந்தது.

"பெரியவன் சொல்லமாட்டான், பாப்பா சொல்லுவாங்கறார். யாரும்மா பாப்பா?"



அந்தப் பெயர் வழக்குக் காகிதங்களில் எங்கேயும் இல்லை. வக்கீலுக்குத் தெரியாது. அண்ணன்கூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அது ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்குள்ளிருந்து வந்த பெயர்.

"வேணாம்," என்றான் அண்ணன். அவள் மணிக்கட்டை நெரித்தான். "வேணாம்மா. சொல்லாத."

சொல்லாமல் வெளியே போய்விடலாம். கதவு நாலடி தூரத்தில் இருந்தது. ஆனால் ஒன்றரை வருடம். அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். பேர் சொல்லக்கூட ஆளில்லாமல்.

"எங்கப்பா," என்றாள் அவள்.

குரல் அவளுடையது போலவே இல்லை.

"எங்கப்பா மேடம். இவர் எங்கப்பா."

கமிஷனரின் முகம் இளகியது. முதன்முறையாகச் சிரித்தார். சிரித்தபடி கட்டிலைப் பார்த்தார்.

அப்புறம் அவர் கண்கள் மேலே ஏறின.

மெதுவாக. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நிற்கும் வேகத்தில்.

சர்வேயர் சுவரோரம் ஒதுங்கினார். வழி விட்டார்.

இரண்டு பேரின் கண்களும் சேர்ந்து நகர்ந்தன. கொஞ்சம் நகரும். நிற்கும். கொஞ்சம் நகரும். நிற்கும். வலது கால். இழுப்பு. வலது கால். இழுப்பு.

கட்டிலின் கால்மாட்டைத் தாண்டி. ஜன்னலைத் தாண்டி.

அண்ணன் அவள் கையை விட்டான். ஓர் அடி பின்னால் போனான். இன்னோர் அடி. முதுகு சுவரில் இடித்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்காமல் கண்ணை இறுக மூடியிருந்தான்.

அந்த இரண்டு பேரின் கண்களும் வந்துகொண்டே இருந்தன.

அவளுக்கு மூன்றடி முன்னால்.

இரண்டடி.

நின்றன. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில். கொஞ்சம் உயரத்தில். அப்பாவின் உயரத்தில்.

"பாவம், கையைப் பிடிச்சுக்கிறார்," என்றார் சர்வேயர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். விரல்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. சூடில்லை. குளிரில்லை. ஒன்றுமே படவில்லை.

"சரிங்க ஐயா. அப்படியே எழுதிக்கறேன்," என்றார் கமிஷனர், அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்த காற்றிடம்.

*

வெளியே வந்ததும் அண்ணன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவளை ஏறச் சொல்லவில்லை. வாடகைக் காரைக் கூப்பிட்டுக் கொடுத்தவர் சர்வேயர்தான். கார் வந்ததும் அவர் முன்னால் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகும் கதவைச் சாத்தாமல், மேல்விளிம்பில் தலை இடிக்காதபடி ஒரு கையை வைத்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு மெல்லச் சாத்தினார்.

"சூதானமா கூட்டிட்டுப் போங்க," என்றார் டிரைவரிடம்.

லாட்ஜில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தமில்லை. அவள் படித்த படிப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சத்தம் இல்லை என்று அல்ல, அவளுக்குக் கேட்கவில்லை என்று.

விமான நிலையத்தில், உள்ளே போகும் வரிசையில் நிற்கும்போது வக்கீல் கூப்பிட்டார். பழைய குரல் திரும்பியிருந்தது.

"உட்கார்ந்திருக்கீங்களா, நின்னுட்டிருக்கீங்களா? உங்க அண்ணன் காலையிலேயே என் ஆபீஸ் வாசல்ல நிக்கிறாரும்மா! சரிபாதி. அந்தக் காகிதத்தையும் வாபஸ் வாங்கிக்கறாராம். ஆறு வருஷத்துல நான் பேசினதெல்லாம் நடக்கல, ஒரு ராத்திரியில என்ன மாயம் பண்ணினீங்க?"

"சார், அந்தக் கமிஷனர் அறிக்கை..."

"அதுவும் சரியாப் போச்சு. ரெண்டாவது அறிக்கை இப்பதான் வந்துது. அந்தக் கிழவர் வீட்டுல எந்த உரிமையும் கேட்கலையாம். இருங்க, கடைசி வரியைப் படிக்கிறேன்." காகிதம் புரளும் ஓசை. "'மேற்படி முதியவர் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போனதை நேரில் பார்த்தேன். வீடு தற்போது காலியாக உள்ளது.' யாரோட மகளோ, நமக்கென்ன. காலியாயிடுச்சு, அதுதான் முக்கியம். நிம்மதியா போயிட்டு வாங்க."

வரிசை நகர்ந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவர் அவளை ஒட்டி வரவில்லை. ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டு நின்றார்.

விமானத்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை. நடு இருக்கை காலி. அதற்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஏற்கெனவே தூங்கியிருந்தான். அவள் பையை எடுத்து நடு இருக்கையில் வைக்கப் போனாள். வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே இறக்கையின்மேல் வெயில் பளீரென்று அடித்தது. எஞ்சின் உறுமத் தொடங்கியது. இரண்டு மணி நேரத்தில் கடலுக்கு மேலே இருப்பாள். நாளைக்கு வேலை. மூடிய அறை, பொத்தான், வரைபடம்.

பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர்கள் வரிசையில் நின்றாள். தூங்குகிற இளைஞனுக்கு மேலாகக் குனிந்தாள்.

"பெல்ட் போடத் தெரியலீங்களா? பரவாயில்ல, கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக்குங்க. நான் போட்டு விடறேன்."

அவள் திரும்பவில்லை. பட்டை இழுபடும் ஓசை. கொக்கி மாட்டும் ஓசை.

"இறுக்கமா இருக்கா? சரி. இப்ப சரியாயிடுச்சு."

பணிப்பெண் நிமிர்ந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"முதல் தடவையா வர்றாங்க போல. பயப்படறாங்க. கொஞ்சம் பேசிக்கிட்டே வாங்க."

போய்விட்டாள்.

விமானம் நகர்ந்தது. ஜன்னலில் ஓடுபாதை பின்னால் வழுக்கியது. வேகம் கூடியது. முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தியது. பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பல்லைக் கடித்தாள். சக்கரங்கள் தரையை விட்டன.

திரும்பிப் பார்த்தாள்.

நடு இருக்கை காலி. மெத்தையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதற்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், பூட்டிய பெல்ட் எதையோ சுற்றிவளைத்து விறைப்பாக நின்றது.

பட்டை மெல்ல விரிந்தது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடி விரிந்தது.